கம்பளியைக் கொடுத்துவிட்ட கணக்கு சார்

புதுசாக வேலைக்கு வந்திருக்கும் டீச்சர்மார்களே, சார்மார்களே, போன மாசம் உங்களுக்கு நடந்த மனநலப் பயிற்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டையர் ஆன தலைமையாசிரியை என்றால் முன் வரிசையில் ஒரு நாற்காலியும் ஒரு சால்வையும் உண்டல்லவா, அதற்காகத்தான். சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பயிற்சி கொடுக்க வந்த தம்பி திரையில் படம் போட்டார். மனச்சோர்வின் அறிகுறிகள் மொத்தம் பத்தாம். நீங்கள் பத்தையும் குனிந்த தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். உங்களுக்கு நடுவே, மூன்றாவது வரிசையில் ஒரு பெண் காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. டீ வந்தது, வாங்கவில்லை. பஜ்ஜி வந்தது, பக்கத்துச் சீட்டுக்குத் தள்ளிவிட்டாள். ஒருத்தர், ஒரே ஒருத்தர் திரும்பிப் பார்த்தீர்களா? பத்தாவது அறிகுறிக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதில் அவ்வளவு மும்முரம்.

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாம்மா ஆச்சு?" என்றேன். பல்வலி. சரி, பல்வலிதான், சிரியுங்கள். ஆனால் கேட்டதால்தானே பல்வலி என்று தெரிந்தது?

உங்களைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. நான் உங்களைவிட மோசம். எவ்வளவு மோசம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. வட ஆற்காடு ஜில்லா இன்னும் பிரியவில்லை. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு மேலே சில மைல் தள்ளி, ஒரு உண்டு உறைவிடப் பள்ளி. மலைக் கிராமத்துப் பிள்ளைகள் அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் படிப்பார்கள். அதில் நான் பொறுப்புத் தலைமையாசிரியை. பொறுப்பு என்றால் வேலை முழுசு, அதிகாரம் அரைக்கால்.

அந்தக் காலத்தில் ஒரு வாத்தியாரை மிரட்ட வேண்டுமென்றால் அதிகாரிகள், "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்கள். எங்கள் ஸ்கூல்தான் அந்தக் காடு. உண்மையில் எங்கள் காட்டில் தண்ணிக்குக் குறைவே இல்லை, பஸ்ஸுக்குத்தான் குறைவு. டிரில் மாஸ்டர் யூனியன் சேர்மன் மச்சானை அடித்துவிட்டு வந்தவர். தமிழ் ஐயா எதற்கோ ஒரு கையெழுத்துப் போட மறுத்து வந்தவர். நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஒரு பெரிய மனுஷருக்குக் கோழி அடிக்காமல் சாம்பார் ஊற்றி வந்தவள். ஆளாளுக்கு ஒரு குற்றம். குற்றமே செய்யாமல், "எனக்கு அந்த மலை ஸ்கூல் வேணும்" என்று தானே எழுதிக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர். கணக்கு வாத்தியார் தனசேகரன். அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவருக்கு முப்பது வயசு இருக்கும். கலசப்பாக்கம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். மனைவியும் மூன்று வயசுப் பெண் குழந்தையும் அங்கேதான். வந்த புதிதில் வாய்ப்பாட்டை அவர் சொல்லிக் கொடுக்கிற சத்தம் சமையற்கட்டு வரைக்கும் கேட்கும். பிள்ளைகள் மேசையைத் தட்டித் தட்டிக் கத்துவார்கள். பக்கத்து வகுப்பில் நான் தொண்டை கிழியப் பாடம் நடத்துவேன்.

இப்போது எங்கள் ஸ்கூலின் பெரிய மர்மமான 'தங்கல் நோட்டு' பற்றிச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குப் போளூர் போகிற பஸ் ஒன்று உண்டு. அதை விட்டால் மறுநாள் காலைதான். அதனால் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே எங்களுக்கெல்லாம் கால் தரையில் நிற்காது. ஆனால் தூரத்து ஊர்ப் பிள்ளைகள் சனி ஞாயிறும் ஹாஸ்டலிலேயே இருப்பார்கள், அவர்களுக்குக் காவலாக ஒரு வாத்தியார் தங்கியே ஆக வேண்டும். யார், எந்த வாரம் என்று முறை போட்டு எழுதுகிற நோட்டுதான் அது. சண்டை, சமாதானம், கெஞ்சல் எல்லாம் அந்த நோட்டை வைத்துத்தான் நடக்கும். ஒரு முறையை மாற்றிக்கொள்ள டிரில் மாஸ்டர் எனக்கு இரண்டு படி சாமை அரிசி கொடுத்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. என் முறை. நான் மூக்கால் அழுதுகொண்டிருந்தேன். தனசேகரன் சார், "நீங்க போங்க டீச்சர், நான் இருக்கேன்" என்றார்.

ஆகா! அடுத்த வாரம் தமிழ் ஐயாவுக்கு முழங்கால் வலி. "நீங்க போங்கய்யா, நான் இருக்கேன்." அதற்கடுத்த வாரம் டிரில் மாஸ்டர் வீட்டுப் பசு கன்று போட்டுவிட்டது. "போய்ட்டு வாங்க சார், நான் இருக்கேன்." அந்தப் பசு மூன்று மாசத்தில் நாலு முறை கன்று போட்டது, எவனும் கேட்கவில்லை. எனக்கு என்ன காரணம்? கணியம்பாடி பக்கத்தில் எங்கள் கிராமத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் நான்தான் முதல் குரல். போய் முழங்கால் போட்டு, 'தனசேகரன் சாரைப் போல ஒரு மனுஷரை எங்களுக்குக் கொடுத்தீரே, ஆண்டவரே, ஸ்தோத்திரம்' என்று நன்றி வேறு சொன்னேன். ஆண்டவர் அங்கே தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. பொங்கலுக்கும் போகவில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்: தங்கமான மனுஷன்.

வாய்ப்பாட்டுச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நின்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, தொண்டை மிச்சம். சட்டைப் பித்தான் இரண்டு போய்விட்டது. தாடி வந்தது. தமிழ் ஐயா 'சாமியார்' என்று பேர் வைத்தார். "மலை மோகினி புட்ச்சிக்கிச்சா சார்?" என்று டிரில் மாஸ்டர் தினம் கேட்டுச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எங்கள் காலத்தில் மனசு சரியில்லாதவனுக்கு இரண்டே காரணம்தான் சொல்வோம். ஒன்று திமிர், இன்னொன்று காத்துக் கருப்பு. வேறு எதற்கும் எங்களிடம் சொல் கிடையாது.

நான் செய்த மகா புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. குடியரசு தினத்துக்கு நல்ல ஆசிரியருக்குப் பாராட்டுப் பத்திரம் தரப்போகிறோம், ஒரு பெயர் அனுப்பு என்று மேலேயிருந்து கடிதம் வந்தது. நான் பேனாவை எடுத்து, 'ஒரு நாள் விடுப்பும் எடுக்காமல், பண்டிகைக்கும் ஊர் செல்லாமல், தன் சுகம் பாராது பள்ளியே கதியென வாழ்பவர்' என்று தனசேகரன் பெயரை எழுதி அனுப்பினேன். உங்களுக்குப் பயிற்சி கொடுத்த தம்பி படம் போட்ட பத்து அறிகுறியில் நாலு அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. நான் அதற்குப் பரிசு கேட்டவள்.

இந்தக் கூட்டத்தில் கண் தெரிந்த ஒரே ஆள் எங்கள் சமையல்காரம்மா. மலைக்காரப் பெண், என்னைவிடப் பத்து வயசு சின்னவர். பள்ளிக்கூடம் பக்கம் போனதே சமைக்கத்தான். அவருடைய பெயரைக்கூட நாங்கள் ரொம்ப நாள் கேட்டதில்லை, சம்பளப் பட்டியலில் 'சமையலர்' என்று இருக்கும், எங்களுக்கு அது போதுமாக இருந்தது. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. கலெக்டரே வந்தாலும் 'நீ' என்றுதான் பேசுவார். முதலில் எனக்குச் சுருக்கென்றிருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

மார்கழியில் ஒரு நாள் அவர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், கணக்கு சாரு துன்றதே இல்ல. தட்டுல வாங்கறாரு, புள்ளைங்களுக்குத் தள்ளிடறாரு."

"மார்கழி மாசம் இல்லியா, ஏதாச்சும் விரதமா இருக்கும்மா."

"நீ கேளேன்."

"அவங்க விரதத்தப் பத்தி நான் எப்படிக் கேக்கறது?"

நான் கிறிஸ்துவச்சி, அடுத்தவர் பக்தி விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டேனாம். மரியாதையாம், மரியாதை! கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ, சொன்னால் வெள்ளிக்கிழமை பஸ்ஸை நான் மறக்க வேண்டியிருக்குமோ என்ற பயம். அதுதான் உண்மை.

பொங்கல் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை. மறுநாள் என் தங்கை பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். ஒரு பையில் பட்டுப்புடவை, ஒரு பாட்டிலில் மலைத்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டும் கிடைத்துவிட்டது, என் பின்னால் தமிழ் ஐயாவும் டிரில் மாஸ்டரும். டிரைவர் ஏறி உட்கார்ந்தபோது சமையல்காரம்மா ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். கையெல்லாம் ஈரம்.

"டீச்சர், எறங்கு."

"இன்னாம்மா?"

"கணக்கு சாரு கம்பளிய வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டாரு."

"நல்ல விஷயம்தானே? வாட்ச்மேன் பாவம், குளிர்ல..."

"டீச்சர்! தை மாசத்துல, மலைமேல, எவனாச்சும் கம்பளியக் குடுப்பானா? இனிமே தனக்குக் குளிராதுன்னு நெனைக்கிறவன்தான் குடுப்பான்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் உடனே எழுந்தேனா? அதுதான் இல்லை. நான் முதலில் நினைத்தது தனசேகரன் சாரை இல்லை, ஜன்னல் ஓர சீட்டை. 'நிச்சயதார்த்தத்துக்குப் போகாவிட்டால் தங்கை பேச மாட்டாள், திங்கட்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று மனசு ஓடுகிறது.

"டீச்சரம்மா, வர்றீங்களா இல்லியா? எனக்கு டயமாவுது" என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

சமையல்காரம்மா கம்பியை விடவில்லை. கெஞ்சவும் இல்லை. என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இறங்கினேன், வேறு எந்த நல்லெண்ணமும் இல்லை. தேன் பாட்டில் பஸ்ஸோடு போய்விட்டது. பஸ் நகரும்போது டிரில் மாஸ்டர் தலையை வெளியே நீட்டி, "கணக்கு சாரையா? கிரவுண்ட நாலு ரவுண்டு ஓடச் சொல்லுங்க டீச்சர், எல்லாம் சரியாயிடும்!" என்று வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்.

தனசேகரன் சார் ஐந்தாம் வகுப்பில் தனியாக இருந்தார். மேசை மேல் பிள்ளைகளின் பரீட்சை நோட்டுகள் திருத்தி, அழகாக அடுக்கி, மேலே மார்க் பட்டியல். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஷேவ் செய்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு வந்தது கோபம். 'அட, மனுஷன் நல்லாத்தானே இருக்கார்! இதற்காகவா பஸ்ஸை விட்டேன், தேனை விட்டேன்?' கேளுங்கள் பிள்ளைகளே, மூன்று மாசம் இருண்டு கிடந்த ஒருவர் ஒரு நாள் திடீரென்று எல்லா வேலையையும் முடித்து, கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு, தெளிந்து சிரித்தால், நிம்மதி அடையாதீர்கள். பயப்படுங்கள். எனக்கு அன்று அது தெரியாது. தெரியாதவள் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம், நான் சொற்பொழிவு ஆற்றினேன்.

"உங்களுக்கு இன்னா குறைச்சல் சார்? கவர்மென்ட் வேலை. குணமான சம்சாரம். தங்க விக்ரகம் மாதிரி பொண்ணு. நம்ம புள்ளைங்களப் பாருங்க, கால்ல செருப்பு இல்ல, அதுங்க சிரிக்கல? படிச்சவங்க நீங்களே இப்படி இருந்தா எப்படி?"

"சரிங்க டீச்சர்."

"மனச தைரியமா வெச்சிக்கணும்."

"சரிங்க டீச்சர்."

"வீட்டுக்காரிய நெனைச்சிப் பாருங்க."

"சரிங்க டீச்சர்."

நல்ல வேலை செய்துவிட்டோம் என்று எனக்கு முழுத் திருப்தி. கதவுக்கு வெளியே சமையல்காரம்மா நின்றிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், சோற்றில் கல் கிடந்தால் பார்க்கிற மாதிரி. அப்புறம் உள்ளே எட்டி, "சாரு, மொச்ச உரிக்க ஆளில்ல. வந்து உரிச்சிக் குடு. நீயும் வா டீச்சர்" என்றார்.

சமையற்கட்டு வாசலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தை மாசத்து மொச்சைக்காய் ஒரு கூடை. மூன்று பேரும் சாக்கில் உட்கார்ந்து உரித்தோம். பேச்சே இல்லை. எனக்கு வாய் நமநமத்தது. அடுத்த சொற்பொழிவு தயாராக இருந்தது. நான் வாயைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் சமையல்காரம்மா இன்னொரு கை மொச்சைக்காயை என் முன்னால் போட்டார். ஒரு கால் மணி நேரம் போயிருக்கும். அவர் தலையை நிமிர்த்தாமலே, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"சாவலாம்னு இருக்கியா சாரு?"

ஐயோ, இப்படியா கேட்பது? அந்த வார்த்தையை எடுத்தால் அவருக்கு இல்லாத எண்ணமும் வந்துவிடாதா? அந்தம்மாவின் வாயைப் பொத்த வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது.

தனசேகரன் சார் கையிலிருந்த காயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "ஆமாம்மா" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து."

"இத்தினி நாளா தனியாவா தூக்கிக்கினு கெடந்தே?"

அவ்வளவுதான். மனுஷன் உடைந்துவிட்டார். கையில் மொச்சைத் தோலோடு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சமையல்காரம்மா அழாதே என்று சொல்லவில்லை. நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று அப்போது தெரியவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு நான் கேட்டேன், "ஏன் சார் ஊருக்கே போகல? வூட்ல அவங்களாச்சும் பார்த்திருப்பாங்களே?"

"அதனாலதான் டீச்சர் போகல. போனா என் பொண்ணு 'ஏம்பா சிரிக்க மாட்டேங்கற'ன்னு கேக்குது. பதில் சொல்ல முடியல. இங்கன்னா யாரும் கேக்க மாட்டீங்க."

ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. என்னைத் திட்டிய அதிகாரிகள் உண்டு, மெமோ கொடுத்தவர்கள் உண்டு, முகத்துக்கு நேரே அவமானப்படுத்தியவர்கள் உண்டு. அந்த ஒரு வரி மாதிரி எதுவும் என்னைச் சுட்டதில்லை. மூன்று வயசுக் குழந்தை கேட்டதை, பி.எட். படித்த நாங்கள் மூன்று பேர் கேட்கவில்லை. கேட்க மாட்டோம் என்று தெரிந்துதான் அந்த மனுஷர் எங்களிடையே ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். நாங்கள் அவரைத் தங்கமான மனுஷன் என்று கொண்டாடியிருக்கிறோம்.

தங்கல் நோட்டை எடுத்து வந்தேன். அன்றைய தேதியில் எழுதியிருந்த 'தனசேகரன்' என்ற பெயரை அடித்தேன். அதற்குக் கீழே, விடியும்வரை அவரைத் தனியே விடாமல் யார் யார் எப்போது கூட இருப்பது என்று முறை போட்டேன். என் பெயர், சமையல்காரம்மா, வாட்ச்மேன். அவருக்கு எதிரிலேயே எழுதினேன், மறைக்கவில்லை. அவர் எட்டிப் பார்த்து, "இதுல என் பேரு இல்லியே டீச்சர்" என்றார். "இந்த வாரம் உங்களுக்கு முறை இல்ல சார்" என்றேன். ஐப்பசியிலேயே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நேற்று விசில் வைத்த அதே கண்டக்டர்தான். போளூரில் கலசப்பாக்கம் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லி, சார் வீட்டுக்குத் தகவல் போகச் செய்தவர் அவர். தேன் பாட்டிலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சாரின் மனைவி வந்து சேர்ந்தாள். என்ன, ஏது என்று என்னைக் கேட்கவில்லை. நேராகப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எவ்ளோ நாளா இப்படி இருக்காரு?" என்றாள்.

"மூணு மாசமா."

"கூட வேலை செய்யறவங்க யாரும் கவனிக்கலியா?"

"கவனிச்சோம் டாக்டர். பாராட்டுப் பத்திரத்துக்கு எழுதிப் போட்டோம்" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவள் முறைத்தாள்.

லீவு லெட்டரில் காரணம் எழுத வேண்டுமே. ஆபீசில் ஒரு நல்ல மனுஷர் இருந்தார், குரலைத் தாழ்த்தி, "மனசு கினசுன்னு எழுதாதம்மா, காலத்துக்கும் பைத்தியம்னு பேர் வெச்சிடுவானுங்க. வயித்துவலின்னு போடு" என்றார். போட்டேன். மலை பூராவும் செய்தி பரவிவிட்டது, கணக்கு சாருக்கு வயித்துவலி. உடனே எங்கிருந்து வந்தது அவ்வளவு பாசம்! டிரில் மாஸ்டர் ஓமத் தண்ணீர் கொண்டுவந்தார். தமிழ் ஐயா சுண்டைக்காய் வற்றல். ஒரு பெற்றோர் கடுக்காய் மூட்டையே இறக்கிவிட்டார். வயிறு வலித்தால் ஊரே மருந்தோடு ஓடி வருகிறது, மனசு வலித்தால் மோகினி பிடித்ததா என்று கேட்கிறது.

அந்த வாரமே குடியரசு தினம். பத்திரத்தைச் சாருக்காக நான் போய் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மேடையில் மைக்கில் படிக்கிறார்கள்: 'ஒரு நாள் விடுப்பும் எடுக்காமல்...' கொடுக்கிற பெரிய மனுஷர் என்னிடம், "அவர் எங்கே?" என்றார். "லீவுங்க" என்றேன். அது மைக்கில் கேட்டுவிட்டது. மைதானமே சிரித்தது. சிரிக்கிற இடம்தான். ஆனால் எனக்கு அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கி என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

மாசியில் தனசேகரன் சார் திரும்பி வந்தார். முழுசாகச் சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். மாத்திரை இருந்தது, மாசம் ஒரு முறை டாக்டரம்மா இருந்தாள், மந்தமான நாட்களும் இருந்தன. முதல் நாள் ஸ்டாஃப் ரூமில் டிரில் மாஸ்டர், "வயிறு எப்படி சார் இருக்கு?" என்றார்.

நான் கண்ணைக் காட்டினேன், சும்மா தலையாட்டிவிடுங்கள் என்று. அவர் ஆட்டவில்லை.

"வயிறு எப்பவும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. மனசுதான் சரியில்லாம போச்சு. சாவற அளவுக்குப் போச்சு. மாத்திரை சாப்பிடறேன், இப்ப தேவல."

அன்று சாயங்காலம் தமிழ் ஐயா, முழங்கால் வலிக்காரர், ஐம்பது வயசு, எல்லாரும் போன பிறகு தனசேகரன் சாரைப் புளியமரத்தடிக்கு ஒதுக்கிக் கூட்டிப்போய், "அந்த டாக்டரம்மா பேரு இன்னா சார்?" என்று கேட்டாராம். முழங்காலுக்கு இல்லை.

பாராட்டுப் பத்திரத்தை ஆபீஸ் ரூமில் நான் மாட்டி வைத்திருந்தேன். தனசேகரன் சார் ஒரு நாள் அதைக் கழற்றினார். சட்டத்தைப் பிரித்து, பத்திரத்தின் பின்பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, வருஷம் முழுவதுக்கும் தங்கல் முறையை எழுதினார். அவருக்கு நாலு வாரத்துக்கு ஒன்று, எனக்கும் அதே, டிரில் மாஸ்டருக்கும் பசு கன்று போட்டாலும் போடாவிட்டாலும் அதே. பாராட்டு சுவரைப் பார்க்க, முறை எங்களைப் பார்க்க, திருப்பி மாட்டிவிட்டார். நான் ரிட்டையர் ஆகும்வரை எந்த ஸ்கூலுக்குப் போனாலும், யார் யாருடைய முறையை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் முதலில் பார்த்தேன். 'நான் இருக்கேன், நீங்க போங்க' என்று மூன்றாவது வாரமும் சொல்கிறவரிடம் நன்றி சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பாதிப் பேர், "உங்களுக்கு ஏன் டீச்சர் வம்பு" என்று சிடுசிடுத்தார்கள். பரவாயில்லை. பல்வலி என்று தெரிந்தாலும் லாபம்தானே.

இதெல்லாம் பிறகு நடந்தது. திரும்பி வந்த அந்த மாசி மாசத்துக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினாரே, அப்போது நடந்ததைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். பனி இன்னும் விலகவில்லை. நானும் சமையல்காரம்மாவும் வாசலில் நின்றோம். நான் மனசுக்குள் ஒரு வரவேற்புரை தயாரித்து வைத்திருந்தேன், என் புத்தி எங்கே போகும். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நேராக, கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் போனார்.

"யோவ், என் கம்பளியக் குடுய்யா."

"இன்னா சார், குடுத்ததத் திருப்பிக் கேக்கறீங்க? நாயமா இது?"

"நாயமில்லதான்யா. ஆனா குளிருது."

சமையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் வரவேற்புரை மறந்துவிட்டது. வாட்ச்மேன் முணுமுணுத்துக்கொண்டே கம்பளியைத் தன் தோளிலிருந்து உருவிக் கொடுத்தான். ஒரு மாசமாக அவன் அதைத் துவைக்கவே இல்லை, பீடி நாற்றம் என் வரைக்கும் வந்தது. தனசேகரன் சார் அதை உதறக்கூட இல்லை, அப்படியே இழுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டார்.